இயந்திரம் இடம் பெயரும் வேளை

கோவை நகரின் பீளமேடு, கணபதி போன்ற பகுதிகளில் முன்கட்டில் குடும்பமும் பின்கட்டில் பட்டறையுமாக வாழும் இல்லங்கள் பல. பம்பு செட்டுகளுக்கு வேண்டிய உறுப்புகளைக் கடைந்து கொடுத்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த தந்தையர் எத்தனையோ பேர். அவ்வீடுகளில் லேத்து வெறும் இரும்பன்று. சோறு போடும் மூத்த மகன். அது ஓடும்போது கொள்ள வேண்டிய எச்சரிக்கையை யாவரும் அறிவர். அதனை இடம் மாற்றும்போது நேரக்கூடிய கேட்டை எண்ணுவோர் சிலரே. இதனை நான் எழுதக் காரணம், அத்தகைய கேடு ஒன்றில் எனக்கும் பங்குண்டு என்பதே.

சில ஆண்டுகளுக்கு முன், மே முதல் நாள். தொழிலாளரான புனித சூசையப்பருக்கென்று பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் 1955இல் ஏற்படுத்திய திருநாள். பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் பழைய ஆறடி லேத்து ஒன்றை வாங்கியிருந்தனர். மாலை ஐந்து மணிக்கு மந்திரிக்க வருவதாக வாக்களித்திருந்தேன். நான்கரை மணிக்கும் லேத்து தெருவாசலிலேயே நின்றதாம். ‘சாமி வந்துவிடுவார்’ என்ற அவசரத்தில் தகப்பனாரும் மகனும் அண்டை வீட்டார் இருவரும் கடப்பாரையால் நெம்பினர். இயந்திரம் சாய்ந்தது. பதினெட்டு வயது மகன் அதைத் தாங்கக் கை நீட்டினான். தீர்த்தச் செம்புடன் நான் சென்றபோது வீட்டில் எவருமில்லை. எல்லோரும் மருத்துவமனையில் இருந்தனர். அவனுடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

மறு ஆண்டு அதே லேத்தைப் பின்கட்டிலிருந்த புதிய கொட்டகைக்கு மாற்ற நேர்ந்தது. இம்முறை, ஆலையில் நெடுங்காலம் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரை அழைத்தனர். நானும் போய் நின்றேன்.

லேத்தின் பளு மேற்புறத்திலும் சக்கு மாட்டும் தலைப்பக்கத்திலுமே குவிந்திருக்கிறது, கால்களோ குறுகியவை என்றார் அவர். அரை டன்னுக்குக் குறையாத இரும்பு சாயத் தொடங்கிய பின் நான்கு பேர் பலம் அதற்கு ஒரு பொருட்டன்று. விட்டு விலக வேண்டியதுதான். ஆதலால் முதலில் மின் இணைப்பை நீக்கச் செய்தார். சக்கைக் கழற்றி வைத்தார். நகரும் பகுதிகளை எதிர்க்கோடிக்குத் தள்ளி இறுக்கினார். பின்னர் ஒரு முனையை ஓர் அங்குலம் நெம்புவது, உடனே கட்டை கொடுப்பது. கட்டை கொடாமல் அடுத்த அங்குலம் இல்லை. அக்கட்டையையும் கையால் வைக்கவில்லை, கோலால் தள்ளினார். கால்கள் அகன்ற மரச்சட்டங்களோடு போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டன.

ஒரே பருமனுள்ள கனத்த குழாய்கள் நான்கு. மூன்று எப்போதும் அடியில். பின்னே வெளிப்படுவது முன்னே செல்லும். குழாய் கோணினால் சுத்தியலால் தட்டித் திருத்தினார். கழிவுநீர்த் தொட்டியின் மூடிமேல் போகாமல் பாதையை வளைத்தார். சரிவில் இறங்கும்போது, பின்னிருந்த தூணில் வடத்தைச் சுற்றிச் சிறிது சிறிதாக விட்டார். முன்புறம் எவரையும் நிற்க விடவில்லை.

கூரையிலிருந்து செயின் பிளாக்கைத் தொங்கவிடலாமே என்றார் ஒருவர். வீட்டுக் கூரையின் மரம் ஓட்டைத் தாங்க வைத்தது, லேத்தைத் தாங்க அன்று. தக்க உத்தரம் இருப்பினும் வடத்தின் கோணத்தைப் பார்க்க வேண்டும். இரு புறமும் சமமாய் இழுக்கும் வடம் தரைமட்டத்துக்கு 30 பாகைச் சாய்வில் இருந்தால், ஒவ்வொரு புறமும் முழுப் பளுவையே சுமக்கும். பாதியாகும் என்று எண்ணுவது தவறு. பள்ளியில் படித்த கணக்கே இது. ஆயினும் வேலைக்களத்தில் நினைவுக்கு வருவதில்லை. நீண்ட திருகுத் தண்டில் வடம் கட்டித் தூக்கினாலோ தண்டு வளைந்து லேத்தே பயனற்றதாகும்.

எனக்குக் குருமடத்தில் கேட்ட வரலாறு ஒன்று நினைவில் எழுந்தது. 1586இல் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸின் ஆணைப்படி, 300 டன்னுக்கு மேற்பட்ட எகிப்திய ஒற்றைக்கல் தூணைப் புனித இராயப்பர் சதுக்கத்தின் நடுவே நிறுத்தினார் தொமெனிக்கோ ஃபொந்தானா. ஏறத்தாழ 900 பேர் உழைத்த அவ்வேலையில் எவரும் வாய் திறக்கலாகாது. எக்காளம் ஊதினால் இழுக்க வேண்டும், மணி அடித்தால் நிறுத்த வேண்டும். இதை நான் சொல்லத் தொடங்கினேன். “சாமி, நீங்களும் பேசாம நில்லுங்க” என்றார் பெரியவர். நின்றேன்.

‘நிறுத்து’ என்று சொல்லும் பொறுப்பை அவர் ஒருவருக்கே கொடுத்திருந்தார். விரல் இழந்த அந்த இளைஞனுக்கு. மூன்று முறை அவன் நிறுத்தினான். காரணத்தை எவரும் கேட்கவில்லை. இருபத்திரண்டு அடி செல்ல மூன்று மணி நேரம் பிடித்தது. பின்பு ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தகடு கொடுத்து இறுக்கினார்கள்.

மந்திரிப்புக்கு மணி குறிக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு எனக்கு ஆள் அனுப்பினார்கள்.