ஏரி புரளும் பருவம்

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நள்ளிரவு 12 மணிக்கு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வால்-ஐ மீனுக்கான தடைக்காலம் முடிகிறது. விடியும்வரை பொறுக்காமல் அந்த இருட்டிலேயே படகை இறக்குகிறவர்கள் உண்டு. 1948 முதல் மாநில ஆளுநரே தூண்டிலோடு வந்து பருவத்தைத் தொடங்கிவைக்கிறார். 4 ஹெக்டேரைத் தாண்டிய ஏரிகள் மட்டும் 11,842 உள்ள ஊரில் இது திருவிழாதான்.

ஆயத்தம் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். முதல் வேலை தங்கூசியை மாற்றுவது. குளிர்காலம் முழுக்கச் சுருண்டு கிடந்த நைலான் இழை அந்த வளைவையே பிடித்துக்கொள்ளும். வீசினால் நேராகப் போகாது. முந்தின வருட வெயிலில் வலுவும் குறைந்திருக்கும்.

அடுத்தது ஈயக்குண்டு. மாநிலப் பறவையான லூன், இரையை அரைப்பதற்காக ஏரியடியில் கிடக்கும் கூழாங்கற்களை விழுங்கும். அறுந்து விழுந்த ஈயக்குண்டும் அவற்றோடு வயிற்றுக்குள் போகும். ஒரே ஒரு சிறு குண்டின் நஞ்சு போதும், அந்தப் பறவை சாக. வெள்ளீயம், எஃகு, டங்ஸ்டன் குண்டுகள் கடைகளில் கிடைக்கும்போது ஈயத்தைத் தொடர்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

படகின் அடியில் தண்ணீர் வடியும் துளைக்கு ஓர் அடைப்பான் இருக்கும். சாலையில் கொண்டுபோகும்போது அதைக் கழற்றிவைக்க வேண்டும் என்பது சட்டம். காரணம், வரிச்சிப்பி. அதன் இளம்புழு கண்ணுக்குத் தெரியாது; தேங்கிய தண்ணீரில் அடுத்த ஏரிக்குப் போய்விடும். 1989இல் டுலூத் துறைமுகத்தில் முதலில் தென்பட்ட சிப்பி, 2005இல் புகழ்பெற்ற மில் லாக்ஸ் ஏரியை எட்டிவிட்டது. அது தண்ணீரை வடிகட்டித் தெளியவைக்கும். தெளிந்த நீர் வால்-ஐ மீனுக்கு ஆகாது. பூனையின் கண்ணைப் போல, அதன் கண்ணுக்குள்ளும் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் வேட்டையாடும் பிறவி அது.

மனிதர்களின் ஆயத்தம் இவ்வளவுதான். ஏரியின் ஆயத்தம் இதைவிடப் பெரிது.

தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அதனால்தான் குளிர்காலத்தில் பனிக்கட்டி மேலே மிதக்க, 4 டிகிரியை ஒட்டிய நீர் அடியில் தங்குகிறது. காற்று படாத அந்த ஆழத்தில் மாதக்கணக்கில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். பனி உடைந்ததும் மேல்நீர் வெயிலில் சூடேறி 4 டிகிரியைத் தொடும். அப்போது மேலிருந்து அடிவரை ஒரே அடர்த்தி. காற்று வீசினால் போதும், ஏரி முழுக்கப் புரண்டு கலக்கும். ஆக்சிஜன் கீழே போகும், அடியில் தங்கிய சத்துகள் மேலே வரும். நுண்பாசி பெருகும், அதைத் தின்னும் நுண்ணுயிர்களும் பெருகும்.

நீர் ஏறக்குறைய 6 முதல் 10 டிகிரிக்கு வரும்போது, இரவில், ஆழமில்லாத கரையோரச் சரளைக்கல் மீது வால்-ஐ முட்டையிடுகிறது. கூடு கிடையாது, காவல் கிடையாது. பெரிய பெண்மீன் ஒன்று லட்சத்துக்கும் மேல் முட்டையிடக்கூடும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து மே நடுப்பகுதிவரை தடை இருப்பது இதற்காகத்தான்.

சட்டம் நாள்காட்டியைப் பார்த்து நாள் குறிக்கிறது. ஏரி வெப்பத்தைப் பார்த்து நகர்கிறது. 2013இல் பருவம் திறந்த நாளில் வடக்கு ஏரிகள் பலவற்றில் பனி உடையவே இல்லை. கவலைக்குரியது எதிர்த்திசை. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று மாநிலங்களின் ஏரிகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவு இது: பனி உடையும் நாள், வால்-ஐ முட்டையிடும் நாளைவிட மூன்று மடங்கு வேகமாக முன்னுக்கு வந்துகொண்டிருக்கிறது. பனி மிக முந்திப் போனாலும் மிகப் பிந்திப் போனாலும் குஞ்சுகள் தப்பிப்பது குறைகிறது. மஞ்சள் கரு தீர்ந்து அவை வாய் திறக்கும் வேளையில், தின்ன வேண்டிய நுண்ணுயிர்கள் பெருகி ஓய்ந்திருக்கலாம்.

வெர்மிலியன் ஏரியில் கலக்கும் பைக் ஆற்றில் மாநில மீன்வளத் துறையினர் ஏப்ரலில் வலைகட்டி, தாய்மீனிலிருந்து முட்டையெடுத்துப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை ஏரிகளில் விடுகிறார்கள். ஆனாலும் மாநிலத்தில் பிடிபடும் வால்-ஐ மீன்களில் பெரும்பகுதி, தாமாகவே இனம்பெருக்கும் ஏரிகளிலிருந்து வருபவை. அந்த முட்டைகளுக்குத் தேவை வண்டல் படியாத, அலை கழுவும் சரளைக்கல். கரையில் மணல் கொட்டாமல், கற்களை அகற்றாமல் இருப்பது ஏரியோரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.