கணக்கு ஒப்புவிப்பவரே தலைவர்

ஊராட்சித் தேர்தல் வந்துவிட்டால் நம் சிற்றூர்களுக்குப் புதியதோர் உயிர் வந்துவிடுகிறது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத் தெருவாய்ச் சுற்றுகிறது. ஞாயிறு திருப்பலி முடிந்து நாம் வெளியே வரும்போது, ஆலய வாயிலில் வேட்பாளர் கூப்பிய கரங்களுடன் நிற்கிறார். குடிநீர் வரும் என்கிறார். சாலை வரும் என்கிறார். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் விளக்கு எரியும் என்கிறார். முதியோரின் காலைத் தொட்டு வணங்குகிறார். கைக்குழந்தையை வாங்கிப் பெயர் கேட்கிறார். வாக்கு எண்ணி முடிந்ததும் ஆட்டோவும் போய்விடுகிறது, விளக்கும் எரிவதில்லை. "எல்லாரும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நாமும் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

எல்லாரும் இப்படித்தானா? இல்லை. அப்படி இல்லாத ஒருவரைப் பற்றியும், அத்தகையோர் அருகிப்போவதில் நமக்குள்ள பங்கைப் பற்றியும் இம்மாதம் சிறிது சிந்திப்போம்.

சிறிய பதவி அன்று

நாட்டுப்புறத்து வாக்காளர் ஒருவர் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நான்கு வாக்குகள் அளிக்கிறார். வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் என நால்வரைத் தேர்ந்தெடுக்க வெவ்வேறு நிறத்தில் வாக்குச்சீட்டுகள் தரப்படுகின்றன. இவற்றுள் ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் உரிய தேர்தல் தமிழகத்தில் கட்சிச் சின்னங்கள் இன்றி நடைபெறுவது. கட்சியைப் பாராமல் ஆளைப் பார்த்து வாக்களியுங்கள் என்று சட்டமே நமக்குக் கற்பிப்பது போன்ற ஏற்பாடு இது.

குடிநீர் வழங்குதல், தெருவிளக்கு எரியச் செய்தல், கழிவுநீர்க் கால்வாய் அமைத்தல், ஊர்ச் சாலைகளைப் பேணுதல், இடுகாடு, சுடுகாடுகளைப் பராமரித்தல் ஆகியவை ஊராட்சியின் கடமைகள். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் நீர் முதல் இறந்தவரைச் சுமந்து செல்லும் பாதை வரை அனைத்தும் இவற்றுள் அடங்கிவிடுகின்றன. சட்டமன்றத்தில் யார் அமர்ந்தாலும், மோட்டார் பழுதடைந்த நாளில் நம் வீட்டுப் பெண்கள் குடத்துடன் போய் நிற்பது ஊராட்சித் தலைவரின் வாசலில்தான்.

இப்பதவியின் அருமை, அது இல்லாதபோதுதான் விளங்கியது. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடைபெறும் வரை, மூன்று ஆண்டுகளுக்கு மேலாகத் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். எஞ்சிய ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. கேட்பதற்கு ஊரில் ஒருவர் இல்லை என்பதன் துன்பத்தை அந்த ஆண்டுகளில் சிற்றூர் மக்கள் நன்கறிந்தனர்.

நம்மவர் ஒருவரின் நினைவு

உள்ளாட்சி என்றதும் கத்தோலிக்கராகிய நாம் நன்றியோடு நினைக்கவேண்டிய ஒரு பெயர் உண்டு. 1957-ஆம் ஆண்டு குளச்சல் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட திருமதி லூர்தம்மாள் சைமன், பெருந்தலைவர் காமராசரின் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையைத் தாங்கினார். எட்டுப் பேர் கொண்ட அந்த அமைச்சரவையில் அவர் ஒருவரே பெண். கடற்கரை மக்களின் பாடுகளை அருகிருந்து அறிந்தவர். சென்னை மாநில ஊராட்சிச் சட்டம் 1958-இல் பிறந்ததும் அவர் அமைச்சராக இருந்த காலத்திலேயே.

பின்னர் 1992-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 73-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் தந்தது. அதனையொட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996-இல் அதன்படி முதல் தேர்தல் நடைபெற்றது. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட மக்களுக்கும் தலைவர் நாற்காலியில் உரிமையோடு அமரும் வாய்ப்பு அப்போது கிட்டியது. அந்த உரிமைக்கு இரத்தத்தாலும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். ஒரு தலித் அந்த நாற்காலியில் அமர்ந்ததைப் பொறாத சாதி வெறியே அதற்குக் காரணம்.

குத்தம்பாக்கம் காட்டிய வழி

அதே 1996-ஆம் ஆண்டுத் தேர்தலில் திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லி ஒன்றியத்தைச் சேர்ந்த குத்தம்பாக்கத்தில் தலைவராக வந்தவர் இளங்கோ ரங்கசாமி. தலித் குடும்பத்தில் பிறந்து, வேதிப் பொறியியல் பயின்று, நல்ல வேலையில் இருந்தவர். கள்ளச்சாராயமும் சாதிச் சண்டையும் தம் ஊரை அரித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, வேலையை விட்டு ஊருக்குத் திரும்பினார். மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றார்.

ஊருக்குக் கழிவுநீர்க் கால்வாய் தேவைப்பட்டது. ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருக்க அவர் விரும்பவில்லை. கல் மெருகேற்றும் ஆலைகள் வேண்டாமென ஒதுக்கும் துண்டுக் கற்களைக் கொண்டு, ஊராரையே வேலைக்கு அமர்த்தி, மதிப்பீட்டினும் மிகக் குறைந்த செலவில் கால்வாயைக் கட்டி முடித்தார். மிச்சமான பணம் ஊருக்கு, கூலியும் ஊராருக்கே. ஆனால் நடந்தது என்ன? குறித்த பொருளைக் கொண்டு, குறித்த முறைப்படி கட்டவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவர் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்.

அவர் மனம் தளரவில்லை. வசைமாரி பொழியவும் இல்லை. ஊர் மக்கள் கிராம சபையாகக் கூடினர். செய்த வேலை அவர்கள் கண்முன் இருந்தது. செலவான பணத்துக்குக் கணக்கும் இருந்தது. மக்கள் அவர் பக்கம் நின்றனர். இடைநீக்கம் விலக்கப்பட்டது, அவர் மீண்டும் தலைவரானார். 2006 வரை இரண்டு பதவிக்காலம் பணியாற்றினார்.

அவர் பணிகளுள் நம் நெஞ்சைத் தொடுவது மற்றொன்று. அரசின் சமத்துவபுரத் திட்டத்தின்கீழ் அவ்வூரில் ஐம்பது இரட்டை வீடுகள் எழுந்தன. ஊரிலேயே அழுத்திச் செய்த மண் கற்களால் கட்டப்பட்டவை அவை. ஒவ்வோர் இரட்டை வீட்டிலும் ஒரு பாதியில் தலித் குடும்பம். மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். முன்பு தெருவே வேறாக வாழ்ந்தவர்கள் சுவரைப் பகிர்ந்துகொண்டனர். கல்லறைத் தோட்டத்தைக்கூடச் சாதியின் பெயரால் பிரித்து வைத்திருக்கும் பங்குகள் நம்மிடையே உண்டு என்பதை நினைக்கையில், அந்த ஒற்றைச் சுவர் நமக்கே ஒரு மறையுரையாகிறது.

சாமுவேலின் கேள்வி

இதனைப் படிக்கையில் நமக்குச் சாமுவேல் நினைவுக்கு வருகிறார். முதுமையடைந்த அந்த இறைவாக்கினர், பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்குமுன் இஸ்ரயேல் மக்கள் அனைவரையும் கூட்டினார். யாருடைய எருதையாவது நான் எடுத்துக்கொண்டதுண்டா, யாரையாவது ஏமாற்றியதுண்டா, யாரிடமாவது கையூட்டுப் பெற்றுக் கண்ணை மூடிக்கொண்டதுண்டா என்று வெளிப்படையாகக் கேட்டார். இருந்தால் சொல்லுங்கள், திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார். இல்லை என மக்கள் சான்று பகர்ந்தனர். சாமுவேல் முதல் நூலின் பன்னிரண்டாம் அதிகாரம் இது.

இதைவிடச் சிறந்த கிராம சபைக் கூட்டம் எங்கே நடந்திருக்கிறது? இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாமுவேல் கணக்கு ஒப்புவிக்க ஆயத்தமாக இருந்தது போலவே, கேட்பதற்கு மக்களும் வந்திருந்தனர். மக்கள் வராமலிருந்தால் அந்த நேர்மைக்குச் சான்று பகர யார் இருந்திருப்பார்? குத்தம்பாக்கத்திலும் அப்படியே. மக்கள் கூடியிராவிடில், நல்லவர் ஒருவர் குற்றவாளியாகவே வீட்டுக்குப் போயிருப்பார். கேட்க ஆள் இல்லாத ஊரில் தீயவருக்கு அச்சம் இல்லை. நல்லவருக்கும் துணை இல்லை.

நம் நாற்காலி காலியாக உள்ளது

தமிழகத்தில் சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுவது வழக்கம். மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் 2022 முதல் சேர்க்கப்பட்டன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்திருக்க வேண்டும் என்பது விதி. வரவு செலவுக் கணக்கை அங்கே கேட்கலாம். நூறுநாள் வேலையின் தணிக்கை அறிக்கையைப் பற்றிக் கேள்வி எழுப்பலாம்.

ஆகஸ்டு 15 நமக்கு மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. மே 1 தொழிலாளரான புனித சூசையப்பரின் விழா. காலையில் திருப்பலி, பின்னர் விருந்து, பின்னர் உறக்கம். அதே வேளையில் ஆலயத்துக்கு அடுத்த தெருவில் கிராம சபை கூடிக் கலைந்துவிடுகிறது. வராதவர்களின் கையொப்பத்தை வீடு தேடி வந்து வாங்கிச் செல்வதும் சில ஊர்களில் நடக்கிறது. நாம் கேளாமல் கையொப்பமிடுகிறோம். பின்னர் தண்ணீர் வரவில்லை என்று முறையிடுகிறோம். நாசரேத்தில் உழைத்துண்ட திருக்குடும்பத்தைக் கொண்டாடிய கையோடு, நம் ஊரின் உழைக்கும் குடும்பங்களுக்காக ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பது அவ்விழாவுக்கு முரண் ஆகுமா?

"அரசியல் சாக்கடை, நமக்கு எதற்கு?" என்பார் உளர். திருச்சபை அவ்வாறு கற்பிக்கவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, அரசியல் பணியைக் கடினமாயினும் மேன்மையான கலையெனப் போற்றி, தகுதியுள்ளோர் தன்னலமின்றி அதற்குத் தம்மை ஆயத்தம் செய்யத் தூண்டுகிறது. சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது நீதியன்று என்று 1931-ஆம் ஆண்டிலேயே பதினொன்றாம் பத்திநாதர் எழுதினார். ஊராட்சியின் தத்துவமும் இதுவே. குருக்கள் ஆட்சியதிகாரப் பதவி ஏற்பதைத் திருச்சபைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே இப்பணி முழுவதும் பொதுநிலையினராகிய நம் தோள்மேல் விழுகிறது. பங்குத் தந்தை பேசட்டும் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள வழியில்லை.

அடுத்த முறை வேட்பாளர் ஆலய வாயிலில் கரங்கூப்பி நிற்கும்போது, அவர் நீட்டும் உறையை வாங்காதிருப்போம்; அவர் சாதியைக் கேளாதிருப்போம். ஒன்றை மட்டும் கேட்போம்: "ஐயா, வென்றால் ஒவ்வொரு கிராம சபையிலும் எங்கள் முன் நின்று கணக்குச் சொல்வீர்களா?" பெண் வேட்பாளராயின், "அம்மா, உங்கள் கணவரல்ல, நீங்களே வந்து சொல்வீர்களா?" என்று கேட்போம். ஆம் என்று அவர் சொன்னால், நாமும் ஒரு வாக்குறுதி தரவேண்டும்: "அப்படியானால், கேட்பதற்கு நாங்கள் வருவோம்."

அந்த இரண்டாம் வாக்குறுதி இதுநாள்வரை நம் நாவில் எழவில்லை. கல்லறைப் பாதையில் விளக்கு எரியாமலிருப்பதற்குத் தலைவர் மட்டும் காரணமில்லை. நாமும் ஒரு காரணமே. வருகின்ற விண்ணேற்புப் பெருவிழா அன்று, திருப்பலி முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பும் வழியை ஒரு தெரு மாற்றிக்கொள்வோம்.