வேலிக்கு அடியில் தோண்டும் நாய்: குழியை மூடும் முன்

அம்பத்தூர்ல தனி வீடுகள் இன்னும் நிறைய இருக்கு. கள்ளிக்குப்பம், மேனாம்பேடு, ஒரகடம் பக்கம் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. ஒரு கிரவுண்ட் மனை, முன்பக்கம் காம்பவுண்ட் சுவர், பின்பக்கம் காலி மனையை ஒட்டி தூண் நட்டு கம்பி வேலி. காசு வந்ததும் பின்னாடியும் சுவர் எழுப்பிக்கலாம்னு விட்டது அப்படியே பத்து வருஷம் நிற்கும். சுவருக்கு அஸ்திவாரம் உண்டு, வேலிக்கு அது கிடையாது. தூண் மட்டும்தான் மண்ணுக்குள்ள போகுது, கம்பி தரை மட்டத்தோட நின்னுடுது. வீட்டுக்காரர் இதைக் கவனிக்காம இருக்கலாம். வீட்டு நாய் கண்டிப்பா கவனிக்கும்.

ஒரு நாட்டு நாய் மனசு வெச்சா, மழை பெய்ஞ்ச மண்ணுல கொஞ்ச நேரத்துல வெளியே போயிடும். வெளியே என்ன இருக்கு? சி.டி.எச். ரோடு, எஸ்டேட்டுக்குப் போற லாரி, ரயில் பாதை, தங்களோட ஏரியாவை விட்டுக் கொடுக்காத தெரு நாய்க் கூட்டம். அது யாரையாவது கடிச்சிடலாம், அதையும் யாராவது கடிக்கலாம். ரேபிஸ் அறிகுறி வந்த பிறகு பிழைக்கிறவங்க கிட்டத்தட்ட கிடையாதுங்கிறதால, "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரும், விடு"ன்னு சொல்ற விஷயம் இல்ல இது.

உடனே எல்லார் வீட்லயும் வர்ற தீர்வு: "கட்டிப் போடு." இங்க ஒரு சட்ட விஷயம் தெரிஞ்சுக்கணும். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, ரொம்ப நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டி வைக்கிறதைக் குற்றம்னு சொல்லுது. எப்பவும் கட்டியே வளர்க்கிற நாய்க்கு ஓட நடக்க வாய்ப்புக் கொடுக்காததும் அதே பிரிவுல தனியா ஒரு குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! ஒரு பிரியாணிக்குக்கூடப் பத்தாத தொகை, ஆனா குற்றம் குற்றம்தான். மறுபக்கம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. உங்க பொறுப்புல இருக்கிற விலங்கால மத்தவங்க உயிருக்கு ஆபத்தோ பெரிய காயமோ வராம பார்த்துக்கத் தவறினா, 6 மாசம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லன்னா ரெண்டும். ஆக, நாள் முழுக்கக் கட்டவும் கூடாது, வெளியே போக விடவும் கூடாது. நடுவுல மிச்சம் இருக்கிறது வேலி மட்டும்தான். அதனால வேலியை ஒழுங்கா டிசைன் பண்ணுவோம்.

ஆனா மண்வெட்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி குழியைப் படிங்க. குழி எங்க இருக்கு, எப்போ தோண்டுதுங்கிறதுலயே பாதி பதில் இருக்கு.

சுவர் நிழல்ல, தண்ணித் தொட்டி ஓரம், மரத்தடியில வட்டமா, நாய் சுருண்டு படுக்கிற சைஸ்ல குழி இருந்தா அது தப்பிக்கிற வேலையே இல்ல. அது ஏசி. நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பு முழுக்க வேர்க்காது. பாதத்துல கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைச்சுத்தான் சூட்டை வெளியேத்தணும். அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரி அடிக்கும்போது அது பத்தாது. ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் எழுதினவங்களுக்கு ஞாபகம் இருக்கும்: பகல்-இரவு வெப்ப அலை மண்ணுக்குள்ள இறங்க இறங்க வேகமா தேயும். சாதாரண மண்ணுல சுமார் 10 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை அந்த ஏற்ற இறக்கம் மூணுல ஒரு பங்கு மாதிரி ஆயிடும். மேல் மண் ஒரு நாள்ல 20 டிகிரி ஏறி இறங்கினா, ஒரு அடி ஆழத்துல அது சுமார் 1 டிகிரிதான். நாலு செமஸ்டர் கழிச்சு நமக்குப் புரிஞ்சதை நாய் நாலு நிமிஷத்துல பண்ணிடுது. இந்தக் குழி வேலி ஓரமா இருந்தா, அங்கதான் நிழல் விழுதுன்னு அர்த்தம். வீட்டுக்குப் பக்கத்துல வேற நிழலும் எப்பவும் தண்ணியும் கொடுத்தா இந்தத் தோண்டல் தானா இடம் மாறிடும்.

குழி நீளமா, ஒரு கோடு மாதிரி ஓடினா சந்தேகப்பட வேண்டியது பெருச்சாளியை. அம்பத்தூர்க்காரங்களுக்கு அறிமுகமே தேவை இல்ல. இதுல கஷ்டம் என்னன்னா, பாதி சுரங்கத்தைப் பெருச்சாளியே வெளியிலிருந்து தோண்டிக் கொடுத்திடும், நாய் அதை அகலப்படுத்தினா போதும். நாயைத் திட்டாதீங்க, பெருச்சாளியைக் கவனிங்க. குப்பை, கோழி எலும்பு, நாய்த் தட்டுல ராத்திரி மிச்சம் வைக்கிற சோறு, இதெல்லாம்தான் அதுக்கு விருந்து. விஷம் மட்டும் வேண்டாம். விஷம் தின்ன பெருச்சாளியை நாய் தின்னா, அடுத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது நீங்க. கூண்டு வைங்க. பெருச்சாளி மூத்திரத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், தேங்கின மழைத் தண்ணி வழியா நமக்கும் வரும், நாய்க்கும் வரும். நாய்க்குப் போடுற வருஷாந்திர ஊசியில அதுவும் சேர்ந்திருக்கான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

மூணாவது வகைதான் நிஜமான தப்பிப்பு. குழி சரியா வேலிக்கு அடியிலயே, வெளியே பார்த்து இருக்கும். ஆண் நாயா, ஆபரேஷன் பண்ணாததா? அப்போ தெருவுல ஏதோ பெண் நாய்க்குப் பருவம் வந்திருக்கு. சுமார் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, மூணு வாரம் நீடிக்கும். அந்த வாசனைக்கு முன்னாடி உங்க வீட்டு பெடிக்ரீ எல்லாம் ஒண்ணுமே இல்ல. கருத்தடை பண்ணினா இந்தச் சுத்துற ஆசை பெரும்பாலான ஆண் நாய்களுக்குக் குறையும். வேலிக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி இதை யோசிங்க, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில விசாரிக்கலாம்.

தீபாவளி சமயம் மட்டும் தோண்டினா அது பயம். நம்ம காது 20,000 ஹெர்ட்ஸோட நின்னுடும், அது 40,000-க்கு மேலயும் கேட்கும். அந்த நாலு நாள் வீட்டுக்குள்ள, ஜன்னல் சாத்தின ரூம்ல ஃபேன் சத்தத்தோட வைங்க. எந்த வேலியும் வெடிச் சத்தத்துக்குப் பயந்த நாயை நிறுத்தாது. எப்பவுமே, எல்லா இடத்துலயும் தோண்டினா போர் அடிக்குதுன்னு அர்த்தம். அதுக்குக் காலையிலும் சாயங்காலமும் வாக்கிங். வேற வழி இல்ல. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓட்டத்துக்குன்னே உருவான நாயை ஒரு கிரவுண்ட்ல வெச்சுட்டு "ஏன் தோண்டுது"ன்னு கேட்டா அதுகிட்ட என்ன பதில் இருக்கும்?

இப்போ வேலி. பெரும்பாலானவங்க முதல்ல நினைக்கிறது ஆழம்: ரெண்டு அடி பள்ளம் எடுத்து கம்பி வலையை நேரா கீழ இறக்கிடலாம்னு. வேலை செய்யும், ஆனா 40 அடி நீளத்துக்கு ரெண்டு அடி ஆழம் கடப்பாரை போடுறது ஒரு முழு நாள் கூலி. விடாப்பிடியான நாய் அதுக்குக் கீழயும் போகும். அதைவிட எளிமையானது, வலையைத் தரையோட தரையா உள்பக்கம் படுக்க வைக்கிறது.

சிவில் பசங்க இங்க கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. அணைக்கு அடியில தண்ணி கசியிற பாதையை நீட்டணும்னா செங்குத்துத் தடுப்புதான் வலுவானது, படுக்கைத் தளத்துக்கு மூணுல ஒரு பங்கு மதிப்புத்தான்னு 1935-இல் லேன் சொன்னார், நாம படிச்சோம். நாய் விஷயத்துல அது அப்படியே தலைகீழ். ஏன்னா தண்ணி எங்க வழி இருந்தாலும் தேடும். நாய் வேலியும் தரையும் சேர்ற கோட்டுல மட்டும்தான் தோண்ட ஆரம்பிக்கும். அங்க மூக்கை வெச்சு, முன்னங்காலை ஊன்றி, சுரண்டினா வலை நகத்துல படும். கொஞ்சம் இடம் மாத்தி முயற்சி பண்ணும், அங்கயும் வலை. ரெண்டு அடி பின்னாடி வந்து, வலை முடியிற இடத்துல ஆரம்பிச்சு, அடியில சுரங்கம் போடணும்ங்கிற யோசனை அதுக்கு வர்றதில்ல. இலக்கு முன்னாடி தெரியும்போது பின்னால போகத் தோணாது. இந்த ஒரு பலவீனத்தை நம்பித்தான் மொத்த டிசைனும்.

செய்முறை இதுதான். 3 அடி அகல ஜிஐ வெல்டு மெஷ் வாங்குங்க. 'எல்' மாதிரி மடக்கணும்: ஒரு அடி வேலியோட நிமிர்ந்து நிற்க, ரெண்டு அடி உள்பக்கம் தரையில படுக்க. 40 அடி வேலிக்கு 120 சதுர அடி வலை, மூலையிலும் ஒட்டுற இடத்துலயும் அரை அடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும், அதுக்குக் கொஞ்சம் சேர்த்து வாங்குங்க. 10 அல்லது 12 கேஜ் நல்லது. கேஜ் எண் ஏற ஏற கம்பி மெலிசாகும், கடையில இதுல குழம்பாதீங்க. கண் ஒரு அங்குலம் அளவுல இருந்தா நகம் மாட்டாது. சிக்கன் மெஷ் மலிவுதான், ஆனா அது கோழிக்கு. நாய் கடிச்சுப் பிய்ச்சிடும், அறுந்த முனை பாதத்தைக் கிழிக்கும்.

நிமிர்ந்த பகுதியை வேலியோட கட்டுக் கம்பியால ஒவ்வொரு அடிக்கும் முறுக்குங்க, முனையை வெளிப்பக்கம் மடக்கி விடுங்க. படுத்த பகுதிக்கு, 8 எம்எம் கம்பியை 'யூ' மாதிரி ஒரு அடி நீளத்துக்கு வளைச்சு, ரெண்டு அடிக்கு ஒண்ணா சுத்தியலால இறக்குங்க. மேல ரெண்டு அங்குலம் மண் தூவி அருகம்புல் விடுங்க. ஒரு மழைக்காலம் போனா வேர் வலையோட பின்னிக்கும், அப்புறம் நீங்களே நினைச்சாலும் பிடுங்க முடியாது.

"கான்கிரீட் போட்டா ஒரே வேலையா முடிஞ்சிடுமே?" முடியும். ஆனா நம்ம ஊரை யோசிங்க. அம்பத்தூர் ஏரி நிரம்பினா உபரி கொரட்டூர் ஏரிக்குப் போகணும், அங்கிருந்து ரெட்டேரிக்கு. நடுவுல இருக்கிற மனைகள்ல ஐப்பசி-கார்த்திகையில தண்ணி எப்படி நிக்கும்னு உங்களுக்கே தெரியும். வேலி ஓரம் முழுக்க கான்கிரீட் கட்டு போட்டா, வெளியே போக வேண்டிய தண்ணி உங்க வாசலுக்கே திரும்பும். வலை தண்ணியை விடும், நாயை விடாது. வாடகை வீட்ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு வசதி, காலி பண்ணும்போது சுருட்டி எடுத்துட்டுப் போகலாம். உடனடி ஏற்பாடு வேணும்னா வேலி ஓரமா கடப்பா கல் பலகைகளை வரிசையா படுக்க வைங்க. அடியில எலி வளை வராம அப்பப்போ தூக்கிப் பார்க்கணும், அவ்வளவுதான்.

கேட்டை மறந்துடாதீங்க. தெரு ரோட்டை ஒவ்வொரு தடவை உயர்த்தும்போதும் வாசல் லெவல் மாறுது, கேட்டுக்கு அடியில ஆறு அங்குலம் சந்து சகஜம். அங்க மட்டும் கான்கிரீட் வாசப்படியோ, கேட்டோட அடியில ஒரு ஜிஐ தகடோ போடுங்க. முதல் பெரிய மழைக்குப் பிறகு வேலி முழுக்க ஒரு தடவை நடந்து பாருங்க. மண் அரிச்சு வலை அந்தரத்துல தொங்கினா, நாய் உங்களுக்கு முன்னாடியே பார்த்திருக்கும்.

செய்யக் கூடாதது: அந்துருண்டை போடாதீங்க, நாய்க்கு அது விஷம். மிளகாய்ப் பொடி கண்ணுலயும் மூக்குலயும் எரிச்சல் தரும், அடுத்த மழையில கரைஞ்சும் போயிடும். வேலியில கரண்ட் விடுற ஐடியா யாராவது கொடுத்தா, நீங்க இ.இ.இ.யா இருந்தாலும் சரி, கேட்காதீங்க. பக்கத்து வீட்டுக் குழந்தை கை வைக்கிற இடம் அது. தோண்டி முடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு அடிக்கிறதும் வீண். எதுக்கு அடி விழுந்ததுன்னு அதுக்குப் புரியாது, உங்களைப் பார்த்தா பயம் மட்டும் மிஞ்சும்.

அதைவிட, தோண்ட ஒரு இடம் கொடுங்க. முருங்கை மரத்தடியோ படிக்கட்டு அடியோ, நாலுக்கு நாலு அடி, ஒன்றரை அடி ஆழம். செம்மண்ணோ ஆத்து மணலோ போதும். எம்-சாண்ட் வேண்டாம், உடைச்ச கல்லுங்கிறதால துகள் கூர்மையா இருக்கும். பழைய டென்னிஸ் பந்து ஒண்ணைப் பாதி தெரியிற மாதிரி புதைங்க. அது கண்டுபிடிச்சதும் பாராட்டுங்க, அடுத்த நாள் இன்னும் ஆழமா புதைங்க. வெயில் நாள்ல சாயங்காலம் கொஞ்சம் தண்ணி தெளிச்சா வேலி ஓரத்து நிழலைவிட அந்த இடமே அதுக்குப் பிடிச்சுப் போகும்.

இவ்வளவும் பண்ணியும் ஒரு நாள் போயிடலாம், கேட்டைத் திறந்து வெச்ச கூரியர்காரரால கூட. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோட சேர்ந்துடுச்சு. அதனால வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி லைசென்ஸ் நமக்கும் கட்டாயம். 2025-இல் இருந்து இதைக் கறாரா பார்க்கிறாங்க, லைசென்ஸ் இல்லன்னா 5,000 ரூபாய் அபராதம். ஆவடி தனி மாநகராட்சி, அந்தப் பக்கத்து நண்பர்கள் அங்க விசாரிக்கணும். கூடவே தோலுக்கு அடியில ஒரு அரிசி மணி சைஸ் மைக்ரோசிப் போடுவாங்க. அது ஜிபிஎஸ் இல்ல, அதுல பேட்டரியே கிடையாது. ரீடரைக் கிட்ட கொண்டு போனா 15 இலக்க எண்ணை மட்டும் சொல்லும், நம்ம காலேஜ் ஐடி கார்டு மாதிரி. தெருவுல நாயைப் பார்க்கிறவர் கையில ரீடர் இருக்காது. அதனால காலர்ல ஃபோன் நம்பர் பொறிச்ச ஒரு சின்னத் தகடும் தொங்கட்டும்.