நுரை போக எவ்வளவு சார்?

எங்க மண்ணாடிப்பட்டுப் பக்கம் வந்தீங்கன்னா ஒரு வேடிக்கை பார்க்கலாம். தமிழ்நாட்டு நம்பர் போட்ட பைக்குகள் எல்லை தாண்டி வந்து புதுச்சேரி பெட்ரோல் பங்க்கில் வரிசை கட்டி நிற்கும். லிட்டருக்கு நாலு காசு மிச்சமாச்சே!

கப்பல்களும் அப்படித்தான். உலகத்திலேயே பெரிய 'கப்பல் பங்க்' சிங்கப்பூர். 2024-ல் மட்டும் அங்கே விற்றது ஏறக்குறைய 5.5 கோடி டன் எண்ணெய். ஒரு வித்தியாசம், அங்கே பங்க்தான் வண்டியைத் தேடி வரும். பார்ஜ் என்கிற குட்டிக் கப்பல் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். பகலில் சிவப்புக் கொடி, ராத்திரி என்றால் சிவப்பு விளக்கு. சொட்டு எண்ணெய் கடலில் விழாதபடி டெக் ஓட்டைகளை அடைத்துவிட்டு, தும்பிக்கை மாதிரி ஒரு ஹோஸை மாட்டுவார்கள். எண்ணெய் என்றால் நம்ம டீசல் இல்லை சார், தாருக்குத் தம்பி! சூடு பண்ணினால்தான் நகரும்.

2012-ல் நான் ஒரு சரக்குக் கப்பலில் ஃபோர்த் இன்ஜினீயர். (ஊரில் 'கப்பல் மாப்பிள்ளை'. பார்த்த வேலை, டேங்க்குக்குள் டேப்பை விட்டு அளப்பது!) அன்றைக்கு 600 டன் ஏற்றினோம். அளந்தேன். கணக்கு அச்சாக வந்தது. பார்ஜ்காரர் ரசீதையும் பேனாவையும் சேர்த்தே நீட்டினார்.

டேப்பை இழுத்துப் பார்த்தால், எண்ணெயில் பொடிப் பொடியாகக் குமிழி. சட்டென்று அம்மா ஞாபகம். பால் ஊற்றப் போகிற வீடுகளில், "நுரை போக அளம்மா" என்பார்கள். அம்மாவும் அடங்கும்வரை நிற்பாள்.

எண்ணெய்க்குள் காற்றை அடித்தால் பொங்கி அளவு கூடும். தொழிலில் இதுக்கு 'கப்புச்சினோ'ன்னே பேரு!

"சீஃப் சார், மூணு மணி நேரம் கழிச்சு மறுபடி அளக்கலாம்."

"கிளம்பற நேரம். நுரை இல்லேன்னா?"

"என் தப்பு சார்."

சொல்லிட்டேனே தவிர, கால் நடுங்கியது. என் படிப்புக்காக எங்க கரும்புக் காணி அடமானத்தில் கிடந்தது. அந்த மூணு மணி நேரம் யாரும் என்னோடு பேசவில்லை. டீ கூடக் கொடுக்கலை!

மறுபடி டேப் விட்டேன். 22 டன் குறைவு! டன் 600 டாலருக்கு மேல் விற்ற காலம். நம்ம பணத்தில் ஆறரை லட்சத்துக்கு மேல் வெறும் காற்று. சீஃப், இருந்த அளவை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கூடவே ஓர் எதிர்ப்புக் கடிதமும் கொடுத்தார். பார்ஜ்காரர் எங்கள் முகத்தைப் பார்க்காமலே ஹோஸைக் கழற்றினார்.

இப்போ அங்கே இந்த வித்தை கஷ்டம். 2017 ஜனவரியிலிருந்து எடையையே நேராக அளக்கும் மாஸ் ஃப்ளோ மீட்டர் கட்டாயம். காற்று கலந்தால் காட்டிக்கொடுத்துவிடும். 2020-ல் உலகம் முழுக்க எண்ணெயின் கந்தக வரம்பையும் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆக்கிவிட்டார்கள். சீல் வைத்த சாம்பிள் பாட்டில் ஒரு வருஷமாவது பத்திரமாக இருக்க வேண்டும்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் பண்ணி, பெருமையாக எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா, படியோட அடியைத் தடவிப் பாத்தியா? உள்பக்கமா ஒடுக்கி வெச்சிருப்பானுங்க!" என்றாள்.