விலை கொடுத்தும் சொந்தமில்லை

மின்னூல் வந்தபின் நூலகமே கைக்குள் அடங்கிவிட்டது என்பர். ஒரு நூலுக்காக மதுரைக்குப் பேருந்தேறிய கம்பம் பள்ளத்தாக்கு மாணவர்களுக்கு அது பெரிய வசதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் விலை கொடுத்து வாங்கிய மின்னூல் நமக்குச் சொந்தமாகிறதா? பெரும்பாலும் இல்லை. நாம் பெறுவது படிக்கும் அனுமதி மட்டுமே.

2009 ஜூலையில், வெளியிட்டவருக்கு உரிமை இல்லையென்று கண்ட அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகியவற்றை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பணம் திரும்பி வந்தது. ஆனால் ஒரு மாணவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போயின. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் வாங்கியவர்களின் நூல்கள் மறைந்தன. அச்சு நூலை விற்ற கடைக்காரர் நள்ளிரவில் வந்து நம் அலமாரியைத் திறப்பாரா?

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. என் பாடநூல்களில் பாதி, சின்னமனூர் அக்கா ஒருவர் படித்து முடித்துத் தந்தவை. ஓரங்களில் அவர் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இன்னோர் ஆசிரியர் போல உதவின. அடுத்து அவை போடியிலிருந்து வரும் முதலாண்டு மாணவிக்குப் போகும். ஒருவர் கணக்கில் பூட்டிய மின்னூலை இப்படிக் கைமாற்ற முடியாது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குப் போடவும் முடியாது. ஏலத்தோட்டக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வீட்டுக்கு இது சிறு இழப்பன்று.

எல்லா மின்னூலும் அப்படியல்ல. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களைப் பூட்டின்றி இலவசமாகவே தருகிறது. இறக்கி வைத்தால் நண்பருக்கும் அனுப்பலாம். கைப்பேசியின் சிறு திரையில் செய்யுளுக்கும் உரைக்கும் மாறிமாறித் தாவுவதுதான் கண்ணுக்குத் தொல்லை.