முன்பாரம், பின்பாரம்

கன்னிவாடியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே பழனி மலை சுவர் போல எழுந்து நிற்கும். போன வாரம் அந்த பெஞ்சில் வைத்துத்தான் அக்கா மகன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். ஏழு பேர் உட்காரும் குடும்பக் கார். அதன் பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒரு குட்டி வீடு: படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே. "இது மாதிரி ஒண்ணு நம்ம வண்டியில மாட்டிக்கிட்டுக் கொடைக்கானல் போகலாம்னு இருக்கேன் மாமா. வண்டி இழுக்குமா?"

யாரும் முதலில் கேட்பது இதைத்தான். இழுக்கும் என்று சொன்னேன். ஆனால் இழுப்பது இந்த வேலையில் சுலபமான பாதி. மீதிப் பாதியை நாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பார்த்துவிடலாம்.

சமதளத்தில், நல்ல தார் ரோட்டில், 700 கிலோ டிரெய்லரை ஒருமுறை உருள வைத்துவிட்டால், அதை மெதுவாக நகர்த்திக்கொண்டே போக ஏறக்குறைய பத்துக் கிலோ அளவுக்கு இழுவிசை போதும். இரண்டு பேர் சேர்ந்து தள்ளியே கொண்டு போகலாம். வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு சேரும், மேட்டில் எடை பின்னால் இழுக்கும். இரண்டுக்கும் கியரைக் குறைத்தால் இன்றைய டீசல் எஞ்சின் ஈடுகொடுத்துவிடும்.

அப்படியானால் கார் கம்பெனிக்காரர்கள் இழுவைக்கு ஏன் வரம்பு வைக்கிறார்கள்? ஐரோப்பாவில் விற்கிற கார்களின் கையேட்டைப் பிரித்தால் இதற்கு இரண்டு எண்கள் இருக்கும். பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் ஒன்று. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் இன்னொன்று. முதல் எண் 2,000 கிலோவாக இருக்கிற வண்டிக்கே இரண்டாவது எண் பெரும்பாலும் 750-ஐத் தாண்டாது. அதே கார், அதே எஞ்சின், அதே குதிரைத்திறன். எஞ்சினைப் பற்றிய எண் என்றால் பாதிக்கும் கீழே ஏன் இறங்க வேண்டும்? அந்த எண் பெரிதும் நிற்பதைப் பற்றியது.

தேரோட்டம் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க நூற்றுக்கணக்கில் கை இருக்கும். ஆனால் தேர் எங்கே நிற்க வேண்டும், எந்த முக்கில் எப்படித் திரும்ப வேண்டும் என்பது சக்கரத்துக்கு அருகே முட்டுக்கட்டையோடு குனிந்து ஓடுகிற சிலர் கையில்தான் இருக்கிறது. டிரெய்லரிலும் அப்படி ஒரு முட்டுக்கட்டை வேண்டும். கனமான டிரெய்லர்களில் அதை அழகாகச் செய்து வைத்திருக்கிறார்கள். கார் வேகம் குறைந்ததும் பின்னால் வருகிற டிரெய்லர் முன்னால் முட்டும் அல்லவா? அந்த முட்டலில் இணைப்புத் தண்டு கொஞ்சம் உள்ளே நகரும். நகர்ந்த தண்டு ஒரு கம்பியை இழுக்கும், கம்பி டிரெய்லரின் சொந்த பிரேக்கைப் பிடிக்கும். எவ்வளவு பலமாக முட்டுகிறதோ அவ்வளவு பலமாகத் தன்னையே நிறுத்திக்கொள்ளும்.

பாரத்தை எங்கே வைப்பது என்பது பிரேக்கைவிட முக்கியம். இதை நம் ஊர் மாட்டுவண்டிக்காரர்கள் கார் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். வண்டியில் மூட்டை ஏற்றும்போது ஒருவர் நுகத்தடி பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். அச்சுக்கு முன்னால் மூட்டை கூடினால் முன்பாரம்: நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், மாடு தலை தாழ்த்தித் திணறும். பின்னால் கூடினால் பின்பாரம்: நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும், கால் தரையில் ஊன்றாது. அதனால் மாட்டின் கழுத்தில் லேசான அழுத்தம் இருக்கும்படி மூட்டைகளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துத்தான் கயிறு கட்டுவார்கள்.

நுகத்தடி இருந்த இடத்தில் இப்போது காரின் பின்பக்கக் கொக்கி இருக்கிறது. கணக்கு மாறவில்லை. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்தக் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் அளவு. 700 கிலோவுக்கு 70 கிலோ. ஐரோப்பாவில் இதைவிடக் கொஞ்சம் குறைத்தே வைக்கிறார்கள். கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முன்பாரம் மிகுந்தால் காரின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரங்கள் தரைப்பிடி இழக்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும்.

பின்பாரம் அதைவிட மோசம். நான் அஞ்சுவது இதற்குத்தான். டிரெய்லர் கொக்கியில் மாட்டிய ஊசல் மாதிரி. கனம் பின்கோடியில் இருந்தால், பக்கத்தில் ஒரு லாரி கடந்து போகிற காற்றே அதை ஒரு பக்கம் தள்ளப் போதும். வால் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். வேகம் குறைவாக இருந்தால் ஆட்டம் தானே அடங்கும். ஒரு வேகத்துக்கு மேலே ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் வால் மாட்டை ஆட்டிவிடும். ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளில் பல இடங்களில் காருக்கு வேக வரம்பே கிடையாது. ஆனால் டிரெய்லர் மாட்டிய காருக்குப் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வண்டி தானே தளர விட வேண்டும். எதிர்த்திசையில் வளைத்து வளைத்துச் சரிசெய்யப் போனால் ஆட்டத்துக்கு நாமே தாளம் போட்டுக் கொடுக்கிறோம்.

சரி, கொக்கியில் எத்தனை கிலோ இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வீட்டில் ஆள் எடை பார்க்கிற மெஷின் போதும். காரிலிருந்து கழற்றிச் சமதளத்தில் நிறுத்திய டிரெய்லரின் முன்மூக்கை, கொக்கி இருக்கும் உயரத்துக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, அந்த மெஷின் மேல் இறக்குங்கள். முள் காட்டுவதுதான் முன்பாரம். இப்போது 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை, அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருந்து எடுத்து ஒரு மீட்டர் முன்னால் வையுங்கள். கொக்கிக்கும் அச்சுக்கும் மூன்று மீட்டர் என்றால் முள் ஏறக்குறைய 17 கிலோ ஏறும். ஒரே ஒரு கேன்! அடுப்பும் அரிசி மூட்டையும் எங்கே இருக்க வேண்டும் என்பதை அந்த முள்ளே காட்டிக் கொடுக்கும்.

கடைசியாக மலை. கொடைக்கானல் 2,100 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வத்தலக்குண்டுப் பக்கம் வந்து இறங்கினால் ஏறத்தாழ 1,800 மீட்டர் கீழே வருகிறோம். குடும்பத்தோடு காரும் டிரெய்லரும் சேர்த்து 2,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவருகிற ஆற்றல், 160 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை பிரேக் மட்டுமே தின்றால், கட்டை காய்ந்து, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். அதனால்தான் ஏறின கியரிலேயே இறங்கு என்கிறார்கள். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுத் தாழ்ந்த கியரில் இறங்கும்போது, எஞ்சின் அடிபம்பு மாதிரி ஆகிவிடுகிறது. சக்கரம் அதை அடித்துக்கொண்டே வர வேண்டியிருப்பதால் வேகம் கட்டுப்படுகிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன, நியூட்ரலில்தான் குடிக்கின்றன.

கொண்டை ஊசி வளைவில் இன்னொன்றும் உண்டு. டிரெய்லரின் சக்கரம் காரின் தடத்தில் வராது, உள்வாங்கிக் குறுக்கே வரும். அதற்காக அகலமாக வாங்கித் திருப்பினால் எதிரே பஸ் நிற்கும். பின்னால் எடுக்க வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அது பழகாத கைக்கு வராது.

அதனால் அக்கா மகனுக்கு நான் சொன்னது இது. கையேட்டில் இழுவை எண் இல்லாத வண்டியில் கொக்கி மாட்டாதே. டிரெய்லரும் 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும். அப்புறம், டிரெய்லரை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு மலைக்குக் காரில் மட்டும் போ. அந்தக் காலத்தில் ரயிலில் அம்மையநாயக்கனூர் வந்து இறங்கிக் கொடைக்கானல் போனவர்களும் மாட்டுவண்டியில் அடிவாரத் தோப்பு வரை வந்து, அதற்கு மேலே நடந்தும் குதிரையிலும் டோலியிலும்தான் ஏறினார்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். கடைக்கு எதிரே தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, முதலில் டிரெய்லர் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வைத்தார்; அதன் பிறகுதான் குனிந்து கொக்கியின் பின்னை உருவினார். அவன் டீ கிளாஸை வைத்துவிட்டு அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்க வீட்டுல எடை மெஷின் இருக்கா மாமா?" என்றான்.