“யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல மிஸ்?”

பள்ளி ஆலோசகரான என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் முதலில் கேட்பது சத்தியம். நான் செய்வதில்லை. “நீ சொல்றது என்கிட்டயே இருக்கும். ஆனா உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னாலும், யாராவது உன்கிட்ட தப்பா நடந்திருந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்டதான் சொல்லுவேன்.” பிள்ளை வாய் திறக்கும் முன்பே இதைச் சொல்லிவிடவேண்டும். கேட்டுவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. பலர் சில நாளில் திரும்பி வந்தார்கள்.

அந்த எல்லைகளில் ஒன்று சட்டம் போட்டது. 2012இன் போக்சோ சட்டம், 19ஆம் பிரிவு: பதினெட்டு வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை நிர்வாகத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மேல் வழக்கு வராது. இவ்வளவு இருந்தும் “ஸ்கூல் பேரு கெட்டுடும்” என்று தயங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. பிள்ளையின் பெயரை வெளியிடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறதே! வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது, பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ கேட்கவேண்டும் என்பதையும் நான் பிள்ளையிடம் விளக்குவேன். பாதி நடுக்கம் அதிலேயே குறையும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒரு பிள்ளை சொன்னால் அன்றே பெற்றோரை வரவழைப்பேன். எதைச் சொல்வது, யார் சொல்வது என்று பிள்ளையோடு முதலில் பேசி முடிவெடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே சொல்வேன். வீட்டிலேயே ஆபத்து என்றால் வழி வேறு, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பேன்.

மற்றபடி அப்பாவின் குடி, மார்க் பயம், ஒருதலைக் காதல் எல்லாம் என்னோடு சரி. ஸ்டாஃப் ரூமில் “அவளுக்கு என்னவாம்?” என்று அக்கறையோடுதான் கேட்பார்கள். “ரெண்டு வாரம் வீட்டுப்பாடத்துல கொஞ்சம் விட்டுக்கொடுங்க சார்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஆசிரியருக்கு அது போதும்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளை என்னிடம் பேசிவிட்டு வந்த நாளில் “மிஸ்கிட்ட என்ன சொன்ன?” என்று துருவாதீர்கள். மறுமுறை அது என்னிடம் வராமலே போய்விடும். நீங்கள் அவசியம் அறியவேண்டியதும் எனக்குத் தெரியாமல் போகும். மனம் தாளவில்லையென்றால் 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் நீங்களும் பேசலாம், கட்டணம் கிடையாது.